ஒரு கைக்கு ஆறு வாரம்

ராகெல் ஸ்டோல்ட்ஸின் கை பேச்சைவிட வேகமானது. மாவட்டத் தலைநகரில் அரசு நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷம் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். சாட்சிக் கூண்டில் நிற்பவர் இருமினால் "இருமுகிறார்" என்று எழுதுவாள். அழுதால் "அழுகை" என்று எழுதுவாள். ரயில்வேயில் இருந்த கணவர் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபின், ஐம்பத்தொன்பதாம் வயதில் பிறந்த ஊரான கிளிப்புட்டுக்கே திரும்பி வந்தாள். தம்பி வெஸல் பிரிங்க் தன் ஆட்டுப்பண்ணையில் பெரிய வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தான்.

அவள் வந்த வருஷம்தான் ஊரின் வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்களான போயர்கள் தங்களுக்கென்று ஒரு மன்றம் ஆரம்பித்திருந்தார்கள். அரசு நீதிமன்றம் வேறு ஆட்களுடையது, அதன் பேச்சும் வேறு, நம் வழக்கை நம் ஆஃப்ரிகான்ஸ் மொழியில், நம் வேதப்புத்தகத்தின் முன்னால், நாமே தீர்த்துக்கொள்வோம் என்பது அவர்கள் கட்சி. நம் பழக்கவழக்கங்களும் அப்போதுதான் நிலைக்கும் என்றார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, பழைய கம்பளிக் கிடங்கில் கூடுவார்கள். சங்கீதம் பாடி, பழைய போயர் குடியரசின் கொடியை ஏற்றி, வழக்கைத் தொடங்குவார்கள். தலைவர் லோரன்ஸ் ஓடெண்டால், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும்.

எழுதுவதற்கு ராகெலைக் கேட்டார்கள். அவள் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டாள். முதல் வருஷம் வந்த ஒரு வழக்கு அவளை மயக்கிவிட்டது. அண்ணன் தம்பி இருவர் வாய்க்கால் தண்ணீருக்காக பதினாறு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். ஒரே காலையில் மன்றம் முறை பிரித்துக் கொடுத்தது. இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் "அழுகை" என்று எழுதினாள், அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அதன்பிறகு வந்தவை வேறு தினுசு. ஒரு கல்யாணத்தில் மணப்பெண் அந்நியப் பாட்டுக்கு ஆடினாளா இல்லையா என்று மூன்று சனிக்கிழமை விசாரித்தார்கள். ரொட்டிக் கடைக்காரி பலகையில் இங்கிலீஷ் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். மாமா பல்லிடுக்கில் சிக்கிய உப்புக்கண்ட நாரை நாக்கால் துழாவிக்கொண்டே பண்பாடு பற்றிப் பேசுவார். அந்த நாக்குச் சத்தம் ராகெலுக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் எழுதினாள்.

எட்டாவது வருஷம் மார்ச்சில் அவள் தம்பியின் வழக்கே வந்தது. வெஸல், பக்கத்துப் பண்ணைக்காரன் டெர்ஷியஸ் மல்ஹெர்ப் மேல் முறையிட்டிருந்தான். டெர்ஷியஸின் பரிசு வாங்கிய கிடா எல்லை கேட் வழியாக வெஸலின் பெட்டைகளோடு கலந்துவிட்டது. கேட்டைத் திறந்துபோட்டது வெஸலின் வேலையாள் அப்போல்ஸ் காமீஸ்தான் என்று நினைத்து, டெர்ஷியஸ் இரும்பு வேலிக் கம்பத்தால் அடித்து அவன் கையை முறித்துவிட்டான்.

அப்போல்ஸுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். வெஸலின் பண்ணையிலேயே பிறந்தவன். அவன் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் ஆஃப்ரிகான்ஸ் பேசியவர்கள்தான். மாமா காப்பாற்றத் துடிக்கிற அதே மொழி. ஆனால் நிறம் வேறு. அதனால் அன்று காலை, மாவுக்கட்டுப் போட்ட கையோடு கிடங்குக்கு வெளியே மிளகு மரத்தடியில் நின்றான்.

"டெர்ஷியஸ், நடந்ததச் சொல்லு," என்றார் மாமா.

டெர்ஷியஸ் எழுந்து பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டான். "அடிச்சேன் மாமா. மறைக்க என்ன இருக்கு? கம்பத்தால ஒரு போடு போட்டேன். கைய மேல தூக்கினான், இன்னொண்ணு போட்டேன். காஞ்ச விறகு ஒடியற மாதிரி சத்தம் கேட்டுச்சு."

கிடங்கில் சிரிப்பு எழுந்தது. ராகெல் "சிரிப்பு" என்று எழுதினாள்.

"வெஸல், உன் குறை என்ன?"

"ரோமம் கத்தரிக்கிற நேரம் மாமா. ஒத்தக் கைக்காரன வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? ஆறு வாரம் கட்டுப் பிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றார். நஷ்டம் எனக்குத்தானே?" வேதப்புத்தகத்தைப் பார்த்தான். "சாமி முன்னால பொய் சொல்ல மாட்டேன். கிடா இந்தப் பக்கம் வரட்டும்னு கேட்டைத் தெறந்து விட்டது நான்தான். அப்போல்ஸ் இல்ல."

"பாருங்க, இதான் போயர் மகனுக்கு அழகு," என்று மாமா தலையாட்டினார். பலர் மேஜையைத் தட்டினார்கள்.

ராகெல் பேனாவை நிறுத்தினாள். எழுதுகிறவள் பேசுகிற வழக்கம் இல்லை. "மாமா, அப்போல்ஸைக் கூப்பிட வேண்டாமா?"

"எதுக்கு?"

"அவன் கைதானே முறிஞ்சது?"

மாமா சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "ராகெல், இங்க போயர்தான் பேசலாம். உனக்குத் தெரியாததா? அவன் வழக்குல உள்ள ஆள் இல்லம்மா. வழக்குல உள்ள பொருள்."

அந்தச் சொல்லையும் அவள் எழுதினாள். 

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. வெஸல் கேட்டைத் திறந்தது தப்பு, டெர்ஷியஸ் அடுத்தவன் ஆளைச் சேதப்படுத்தியது தப்பு. ஆகவே டெர்ஷியஸ் தன் வேலையாள் ஒருவனை ஆறு வாரத்துக்கு வெஸலின் பண்ணைக்கு அனுப்ப வேண்டும். கட்டுப் பிரித்ததும் அவன் திரும்பிவிடலாம். ஏர்மாடு நொண்டியானால் மாற்று மாடு அனுப்புவதுபோல. என்ன ஞானமான தீர்ப்பு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டெர்ஷியஸும் வெஸலும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மாமா கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினார்.

வெளியே ஆட்டுக்கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுப்பு தணலில் சொட்டிப் புகைந்தது. பெண்கள் சர்க்கரைப் பாகில் ஊறிய பின்னல் பலகாரத்தைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். டெர்ஷியஸ் ஒரு தட்டோடு ராகெலிடம் வந்தான்.

"சாப்பிடுங்கக்கா. நான் சொன்னதெல்லாம் நல்லா வந்திருக்கா? எங்க கையெழுத்துப் போடணும்?"

பேசியவர்கள் தங்கள் வாக்குமூலத்தின் கீழே கையெழுத்துப் போடுவது ராகெல் கொண்டுவந்த வழக்கம், அரசு நீதிமன்றப் பழக்கம். டெர்ஷியஸ் போட்டான். அவன் விரலில் இருந்த கொழுப்பு காகிதத்தில் பிசுபிசுவென்று ஒரு வட்டமாக ஊறியது. அவள் தட்டைத் தொடவில்லை. புகைக்கு அந்தப் பக்கம் அப்போல்ஸ் இன்னும் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் ஒரு வாய் கொடுக்கவில்லை.

திரும்பும்போது வெஸலின் வண்டியில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் திறந்த பெட்டியில், வெயிலில், அப்போல்ஸ்.

"அவன அடிச்சான்னு தெரிஞ்சதும் கேட் விஷயத்த நீ ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா என்ன, எலும்பு ஒட்டிக்குமா?"

"அவங்கிட்டயாவது சொன்னியா?"

"அக்கா, இத விடு. சுமுகமா முடிஞ்சுபோச்சு. எதுக்கு நோண்டற?" ஜன்னலை இறக்கி எச்சில் துப்பினான். அது காற்றில் பின்னால் போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அப்போல்ஸ் அவள் சமையல்கட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அம்மா, நான் அடிபட்ட அன்னைக்கே போலீசுக்குப் போனேன். சாட்சி யாருன்னு கேட்டாங்க. ஆடுங்கதான் நின்னுச்சுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டு அனுப்பிட்டாங்க."

"இப்ப என்ன வேணும் உனக்கு?"

"சனிக்கிழமை அவர் பேசினது ஜன்னல் வழியா கேட்டுச்சு. நீங்க எழுதினீங்க. அவர் கையெழுத்துப் போட்டார். புத்தகத்துல அந்தப் பக்கம் வேணும்."

"அது மன்றத்தோட புத்தகம், அப்போல்ஸ்."

"கை என்னோடது."

 "எனக்கே அன்னைலருந்து குமட்டிக்கிட்டு வருது," என்றாள்.

"குமட்டினா வாந்தி எடுத்தா சரியாயிடும்மா." அவன் மாவுக்கட்டிலிருந்து வெளியே தெரிந்த விரல்களைக் காட்டினான். வீங்கி, கன்றிப்போயிருந்தன. "இது மடங்க மாட்டேங்குது. எட்டு வருஷமா எழுதறீங்க, இப்பத்தான் குமட்டுதா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். கெஞ்சவில்லை, காத்து நிற்கவும் இல்லை.

அன்று முழுவதும் ராகெல் பழைய புத்தகங்களை எடுத்துவைத்துப் புரட்டினாள். மொத்தம் ஐந்து புத்தகம். வேலையாட்கள் நிறைய இடத்தில் வந்தார்கள். "வெஸலின் ஆள்." "மல்ஹெர்பின் ஆள்." "மேற்படி ஆள்." ஒருவனுக்கும் பெயர் இல்லை. டெர்ஷியஸின் கிடாவுக்குப் பெயர் இருந்தது, கைஸர் என்று, ஆறு இடத்தில். இருமலைக்கூட விடாமல் எழுதிய கை இது. ஒருவரும் அவளிடம் பெயர் எழுதாதே என்று சொன்னதில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியதில்லை. டெர்ஷியஸின் மேல் வந்த அருவருப்பு அந்தப் பக்கங்களைப் பார்க்கப் பார்க்கத் தன் மேலேயே திரும்பியது. எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். போதவில்லை.

ஆனாலும் உடனே கிளம்பிவிடவில்லை. வீடு தம்பியுடையது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இவர்கள்தான். செத்தால் குழி வெட்டப்போகிறவர்களும் இவர்கள்தான். இரண்டு நாள் எதுவும் செய்யாமல் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை வேலிப் பக்கம் போனபோது, புதிதாக ஒருவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாள். மாற்று ஆள். ஒல்லியாக இருந்தான். "வணக்கம் அம்மா," என்று தொப்பியை எடுத்தான். அவள் வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வேலையாட்கள் குடியிருப்புக்குக் காரை ஓட்டினாள்.

"ஏறு," என்றாள். அப்போல்ஸ் பின்கதவைத் திறக்கப்போனான். "முன்னால ஏறு."

மாவட்டத் தலைநகருக்கு அறுபது கிலோமீட்டர். பாதி தூரம் தாண்டியது. பிறகு அப்போல்ஸ் சொன்னான்: "எனக்குப் பதிலா வந்திருக்கானே, அவன் பேரு கெர்ட். பொண்டாட்டி நிறைமாசம். அவளை விட்டுட்டு இவன் இங்க ஆறு வாரம் படுத்துக்கிடக்கணும். அவன யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"எழுதினீங்களா, அவன் பேர?"

"இல்ல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போலீஸ் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி பக்கத்தை இரண்டு முறை படித்தாள். "காஞ்ச விறகு ஒடியற மாதிரி... இது அவரே சொன்னதா? அவர் கையெழுத்தா?"

"ஒரு சொல் சேர்க்கல, ஒரு சொல் விடல," என்றாள் ராகெல். சத்தியக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு ஐந்து மாதம் நடந்தது. டெர்ஷியஸ் முதலில் அடிக்கவே இல்லை என்றான். ராகெலின் எழுத்தை வாசித்துக் காட்டியதும், அது நண்பர்களுக்குள் பேசிய வேடிக்கைப் பேச்சு என்றான். அவள் வேலை பார்த்த அதே நீதிமன்றம். கூண்டில் நின்று அவள் பதில் சொல்ல, கீழே ஒரு சின்னப் பெண் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். டெர்ஷியஸ் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தார்கள், துப்பாக்கி உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். உள்ளே போகாமல் தப்பித்ததற்கு அவன் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. துப்பாக்கி போனதற்குத்தான் ஊரெல்லாம் புலம்பினான்.

அப்போல்ஸ் வெஸலின் பண்ணையை விட்டுப் போனான். உப்பளத்தில் எடைக் குமாஸ்தாவுக்குக் கூடமாட வேலை கிடைத்தது. கை கோணலாகவே ஒட்டியது. கடைத்தெருவில் ராகெலைக் கண்டால் தலையசைப்பான். நின்று பேசுவதில்லை.

மன்றம் அவளையும் விசாரித்தது. போகாமல் இருந்திருக்கலாம், போனாள். எழுதுகிற மேஜை காலியாக இருந்தது.

"நம்ம ரத்தத்த நீயே காட்டிக்கொடுத்திட்டியே ராகெல்," என்றார் மாமா. குரல் தழுதழுத்தது, நிஜமாகவே. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"ரத்தம் அப்போல்ஸோடது மாமா. உங்கள்ல யாரோடதும் ஒரு சொட்டு சிந்தல."

"வாய மூடு!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "உன் புருஷன் இருந்திருந்தா வெக்கத்துலயே செத்திருப்பான்!"

ஊரில் யாரும் அவளுக்கு வணக்கம் சொல்லக்கூடாது, வெஸல் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. வெஸல் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வேற வழி இல்லக்கா," என்றான்.

"வழி இருந்துச்சுடா. உனக்குத்தான் மனசு இல்ல."

ஊர்க்கோடியில் ரயில்வேக்காரர்கள் விட்டுப்போன வீடுகளில் ஒன்றில் இப்போது இருக்கிறாள். ஐந்து கோழி வளர்க்கிறாள். தேவாலயத்தில் அவள் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்காருவதில்லை. போன மாதம் தீவனக் கடைச் சுவரில் மன்றத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இனிமேல் வாக்குமூலங்களை எழுதிவைக்க வேண்டியதில்லை, கையெழுத்தும் வேண்டாம், தீர்ப்பை மட்டும் எழுதினால் போதும். எல்லோர் நலனுக்காகவும். நடந்த எல்லாவற்றிலிருந்தும் அவர்கள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ராகெல் முழுவதும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். பிறந்ததிலிருந்து தெருவில் துப்பியறியாதவள், அறிவிப்பின் கீழே சுவரோரம் துப்பினாள். கடைக்காரி உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராகெல் உள்ளே போய்க் கோழித்தீவனம் ஒரு மூட்டை கேட்டாள். கடைக்காரி பேசாமல் எடுத்துப் போட்டாள்.