சொந்தத் தமிழுக்கு ஒரு ஆடிஷன்

சினிமாவில் வசனம் கிடைக்கும்வரை நீங்கள் நடிகர் இல்லை, ஆள். ‘நாளைக்குப் பத்து ஆள் வேணும்’ என்றுதான் கேட்பார்கள். அந்தப் பத்தில் ஒருவராக வெயிலில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மந்திரி

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் நானும் சென்னைப் பக்கம் பம்மலுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் மந்திரி வேஷம் கிடைத்தது. மேடையில் ராஜா வசனத்தை மறந்து விழித்தான். சமாளிப்பதாக நினைத்து, “மன்னா, என்ன யோசிக்கிறியள்? கெதியாச் சொல்லுங்கோ!” என்றேன். எங்கள் ஊரில் கெதியாக என்றால் சீக்கிரமாக. கூட்டம் சிரித்து முடிய வெகுநேரம் ஆயிற்று. திரைக்குப் பின்னால் ராஜா என் சட்டையைப் பிடித்தான்.

“டேய் சிலோனு, கெதியான்னா இன்னாடா? நானே ராஜா, எனக்கே பிரியலியே!”

பயிற்சி

மறுநாள் முதல் பல்லாவரம் பஸ்ஸின் படிக்கட்டுதான் என் நடிப்புப் பள்ளி. அங்கே தொங்குகிறவர்கள் பேசுவதைக் கேட்டு, கழிவறையில் நின்று சொல்லிப் பார்ப்பேன். ஒரே வருடம்தான், அதன்பின் யாரும் என்னை ‘நீ எந்த ஊர்’ என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் முழுதாக வெற்றி பெற்ற வேஷம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் பசியோடு வந்து, “இன்னாம்மா, சோறு கீதா?” என்றேன். அம்மா சட்டியை மூடினார்.

“உனக்கு இல்லை. என்ர பிள்ளை வரட்டும், அவனுக்குப் போடுறன்.”

பிணம்

பிறகு தாம்பரத்தில் சிறு நாடகங்கள், அங்கிருந்து சினிமா. கல்யாண வீட்டில் பந்தி, கோர்ட்டில் கூட்டம், நடுவில் சில போலீஸ் வேஷம். முப்பது வருடத்தில் ஒரு வரிகூடப் பேசவில்லை. போன வருடம் ஒரு பகல் முழுக்கப் பிணமாகப் படுத்திருந்தேன். ஆள் அனுப்பும் ஏஜென்ட் பாபு மாலையில் தட்டிக்கொடுத்தார்.

“அண்ணா, உங்கள மாதிரி யாருக்கும் சாக வரல. நாளைக்கும் வந்து செத்துடுங்க.”

மூன்று பக்க வசனம்

அதே பாபுதான் கேளம்பாக்கம் ஆடிஷனுக்கும் அனுப்பினார். இலங்கை அகதி முகாமில் ஒரு கிழவர், மூன்று பக்க வசனம். எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. கேமரா முன் நின்று, “பொடியன் அங்கைதான் இருக்கிறான், ஐயா” என்பதற்குப் பதிலாக, “பொடியன் அங்கதான் கீறான், சார்” என்றேன். மறுபடி முயன்றபோது வந்தது டிவி காமெடியில் பேசும் இலங்கைத் தமிழ். அம்மா போய் ஒன்பது வருடம், மனைவி குரோம்பேட்டைக்காரி. வீட்டில் அந்தப் பேச்சுக்கு ஆள் இல்லை. ஆனால் அது காரணமா, சாக்கா? நான் எந்த ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன், வெட்கமாக இருந்தது. உதவி இயக்குநர் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்.

“நடிப்பு சூப்பர் சார், நீங்கதான் பண்றீங்க. ஸ்லாங் மட்டும் ஒட்டல, வேற வாய்ஸ் போட்டுக்கலாம்.”

குரல்

படப்பிடிப்பு முடிந்தபின், டப்பிங் நடக்கும் இடத்துக்கு நானாகவே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் திரையில் தெரிந்த என் முகத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். அச்சு அசல் எங்கள் தெருக்காரர் குரல். கண் கலங்கிவிட்டது. வெளியே வந்தவரின் கையைப் பிடித்து, யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“நான் சேலம் சார். ரெண்டு வாரம் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்.”

ஆக, படத்தில் வாயசைப்பது நான், எங்கள் ஊர்க்காரர் அவர்.