தொப்பிக்காரரின் தலையாட்டம்

வேலையிடத்துச் சாப்பாட்டு அறை ரீவியில் பேஸ்போல் ஓடினால் மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் எறிபவரின் தலையைப் பார்ப்பேன். ஏன் என்று கேட்டால் சிரித்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பிவிடுவேன். சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில், எலிவேற்றர் நினைத்தால் மட்டும் வேலை செய்கிற ஒரு கட்டடத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஊரிலிருந்து புதிதாக வந்த சித்தப்பா. கீழே லொபியில், வாசற்கதவைப் பார்த்தபடி கிடந்த வாங்கில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பின்னேரங்களில் இருப்பார். தொப்பி புருவம் வரை இறங்கியிருக்கும். ஒரு காதில் வயர். வலது கை முழங்கையில் மடங்கியே இருக்கும், நிமிராது. தான் பேஸ்போலில் பந்தெறிந்தவர், ஊர் ஊராக பஸ்ஸில் போய் விளையாடினவர், ஒரேயொரு கோடைகாலம் பெரிய லீக்கிலும் எறிந்தவர் என்று கண்டவர்களுக்கெல்லாம் சொல்வார்.

எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது கிரிக்கெட். "உந்த மடங்கின கையாலயே எறிஞ்சவர்? எங்கட ஊரிலையெண்டா முதல் பந்திலயே நோ போல்." அம்மாவின் சந்தேகம் வேறு. "பெரிய விளையாட்டுக்காரன் எண்டா ஏன் எங்களோட இந்தக் கரப்பானுக்குள்ள கிடக்கிறான்?"

சித்தப்பாதான் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மேலே வந்து, கதவைப் பூட்டிச் சங்கிலியையும் மாட்டிவிட்டுச் சொன்னார்.

"அண்ணை, உவன் தலையாட்டுறான்."

அப்பா பேப்பரை மடித்தார். "ஆரைப் பாத்து?"

"உள்ளுக்கு வாற ஆக்களை. சிலருக்கு ஓம் எண்டு ஆட்டுறான். சிலருக்கு இல்லையெண்டு."

தலையாட்டி என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். ஊரில் ஆமி சுற்றிவளைத்தால் ஆட்களை வரிசையில் விடுவார்களாம். முகத்தை மூடிய ஒருவன் முன்னால் இருப்பானாம். அவன் ஓமென்று ஆட்டினால் அந்த ஆளை ஆமி கொண்டுபோய்விடும். அம்மா இதைக் குசினியில் மெதுவாகச் சொன்னார். உவன் இங்கே இமிகிரேசனுக்கு ஆட்டுகிறானாக்கும் என்றார் அப்பா. சித்தப்பாவின் அகதிக் கேஸ் அடுத்த கிழமை விசாரணைக்கு வரவிருந்தது.

சித்தப்பா பின்படிக்கட்டால் போய்வரத் தொடங்கினார். பிறகு வெளியே போவதையே விட்டார். "விசாரணைக்கும் நான் வரேல்லை. அங்கயே வைச்சுப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள்." போகாவிட்டால் கேஸ் அதோடு முடிந்தது என்று லோயர் சொல்லியிருந்தார். அப்பா கெஞ்சினார், ஏசினார். பலனில்லை.

எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். வெட்கம் அதைவிடக் கூட வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் லொபித் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். கிழவர் இல்லையென்று ஆட்டினார். கதவடியில் யாருமே இல்லை. கொஞ்சம் பொறுத்து ஓமென்று ஆட்டினார். அப்போதும் யாரும் இல்லை. எப்படித்தான் வாய் வந்ததோ, யாருக்கு ஆட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் வயரைக் கழற்றி என் காதில் வைத்தார். ரேடியோவில் மாட்ச். பந்து பிடிப்பவர் குந்தியிருந்து, எந்தப் பந்து என்று விரலால் கேட்பாராம். அந்தப் பந்து வேண்டாமென்றால் எறிபவர் இல்லையென்று ஆட்டுவார், அடுத்த விரல் வரும். ஓமென்ற பிறகுதான் பந்து கையை விட்டுப் போகும். கை போய்விட்டது, தலை மட்டும் இன்னும் விளையாடுகிறது என்று சொல்லிச் சிரித்தார். என்னையும் குந்தவைத்து விரல் காட்டச் சொன்னார். வளைந்து போகும் பந்துக்கு இல்லை என்றார். வேகப்பந்துக்கு ஓம் என்றார். அந்த மடங்கின கை தோளுக்கு மேலே எழும்பப் பார்த்து, பாதியில் நின்றது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அவருடைய தொப்பியை இரவல் வாங்கிக்கொண்டு படியேறி ஓடினேன். சித்தப்பா கட்டில் விளிம்பில் இருந்தார். அவருக்கு நேரே நின்று, தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டேன்.

"சித்தப்பா, இஞ்ச பாருங்கோ. அவர் சும்மா விளையாடுறவர்." அவரைப் பார்த்து இல்லையென்று ஆட்டினேன். "உங்களுக்கு இல்லையெண்டா, அடுத்தவர்." பக்கத்தில் கிடந்த தலையணையைப் பார்த்து ஓமென்று ஆட்டினேன். "ஒராளுக்கு ஓம் எண்டாத்தான் விளையாட்டு நடக்கும்."

சித்தப்பா தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திப் பைப்பைத் திறந்துவிட்டார். தண்ணீர் நெடுநேரம் ஓடியது. அம்மா என் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினார்.

கடைசியில் சித்தப்பா விசாரணைக்குப் போனார். கேஸும் சரிவந்தது. ஆனாலும் நாங்கள் டோர்செட் பார்க்குக்கு வீடு மாறும்வரை அவர் பின்படிக்கட்டால்தான் இறங்கினார். அவ்வளவு வடிவாக விளங்கப்படுத்தியும் இப்படியா என்று எனக்குக் கோபம்.

சித்தப்பாவின் மகளுடைய கலியாண வீட்டில்தான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். ஊரில் ஒருமுறை சித்தப்பாவும் வரிசையில் நின்றிருக்கிறார். முகமூடி அவரைப் பார்த்து இல்லையென்று ஆட்டியதாம். பிறகு, தோளோடு தோள் நின்ற அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதனைப் பார்த்ததாம்.