உட்காராத வண்டி

முக்கூடல் அம்மையப்பனுக்கு 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. அதை அவன் பெருமையாக நினைத்ததுதான் கொடுமை. தாத்தா காலத்தில் ஆற்றோரம் வயலும் தோப்புமாக இருந்த சைவக் குடும்பம் அது. அப்பா காலத்திலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்தது. இவன் பதினெட்டு வருஷம் பிறர் லாரியை ஓட்டிவிட்டு, நாற்பது வயதில் ஒரு பழைய பிக்கப் வாங்கினான்.

வாழைத்தோட்டங்களில் யாரும் பாரத்தை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதில்லை. வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று கண்ணால் பார்ப்பார்கள். தாழ்ந்துவிட்டால், 'வண்டி உக்காந்துட்டு, போதும்' என்று சுமை ஏற்றுகிறவர்களே நிறுத்திவிடுவார்கள். அம்மையப்பன் பேட்டையில் ஹசன் அலியின் பட்டறைக்குப் போய், பின்சக்கரங்களுக்கு மேலே இருக்கும் வில்லுக்கட்டோடு மூன்று இரும்புப் பட்டைகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னான்.

"பட்டையப் போட்டா வண்டி நிமிந்து நிக்கும் வே. டயரும் பிரேக்கும் அதே பழசுதான? ஏறின பாரம் வெளிய தெரியாமப் போயிரும்" என்றார் ஹசன் அலி.

"தெரியக்கூடாதுன்னுதான பாய் போடச் சொல்லுதேன்."

அதன்பிறகு அவன் வண்டி உட்காரவே இல்லை. உட்காராத வண்டியைப் பார்த்து ஏற்றுகிறவர்களும் நிறுத்தவில்லை. ஒன்றரை டன்னுக்குச் செய்த வண்டி மூன்று டன் சுமந்தது. வாழைத்தார் வியாபாரி குமரகுருபரனுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. நாலுபேர் முன்னால் அம்மையப்பனின் தோளைத் தட்டி, "நம்ம ஆளு வண்டின்னா இன்னும் அஞ்சு தார் வைக்கலாம்லே" என்பார். அந்தத் தட்டலுக்கு அவன் தாமிரபரணியையே ஏற்றச் சொன்னாலும் ஏற்றியிருப்பான்.

"அவரு உங்களத் தட்டிக்குடுக்கல. தார் வைக்க எடம் இருக்கான்னு பாக்காரு" என்று அவன் மனைவி வடிவம்மாள் சொன்னாள். அவன் சிரித்தான். பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

போன ஆவணியில், ஓணத்துக்கு முந்தின வாரம், ஏத்தன் என்கிற நேந்திர வாழைத் தாருக்கு நல்ல கிராக்கி. கேரள வியாபாரிகள் வள்ளியூரில் வந்து காத்திருந்தார்கள். தோலில் ஒரு கறுப்பு விழுந்தாலும் தாரைத் தள்ளிவிடுகிற ஆட்கள் அவர்கள். அன்று அம்மையப்பனின் வண்டியில் கேபினுக்கு மேலே ஓர் ஆள் உயரம் தார் ஏறியது. நாங்குநேரி தாண்டியதும் பின்டயர் வெடித்தது.

சாலையோர மண்ணில் ஜாக்கி வைத்தான். முதலில் பாரத்தை இறக்கியிருக்க வேண்டும். இறக்கினால் நேரமாகும், நேரமானால் குமரகுருபரன் அண்ணாச்சி முகம் சுளிப்பார். டயரைக் கழற்றி எடுத்ததும் ஜாக்கி மண்ணில் சரிந்தது. வண்டியின் மொத்தப் பாரமும் அவன் வலது முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

பின்னாலேயே காரில் வந்த குமரகுருபரனும் சுமைக்காரர்கள் இருவரும் ஓடிவந்தார்கள். வழியே போன ஒரு லாரிக்காரன் தன் ஜாக்கியைக் கொண்டுவந்து முயன்றான். வண்டி அசையவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, தாரைக் கட்டியிருந்த கயிற்றை அறுக்க அவனே கத்தியோடு வண்டிமேல் ஏறினான்.

"தாரையெல்லாம் ரோட்டுல தள்ளிவிடுதேன். அஞ்சு நிமிசத்துல காலை எடுத்துரலாம்."

"இரும் வே" என்றார் குமரகுருபரன். பிறகு குனிந்து அம்மையப்பனின் முகத்தைப் பார்த்தார். "ஓணத்துக் காய் வே. தள்ளிவிட்டா ஒண்ணும் தேறாது. ஒவ்வொண்ணா எறக்கட்டுமா? செத்த பொறுத்துக்கிடுவீரா?"

சுற்றிலும் பத்துப்பேர் நின்றார்கள். கால் மரத்துப்போயிருந்தது. வலி குறைந்துவிட்டது, இனி பயமில்லை என்று அந்த மடையன் நம்பினான்.

"பொறுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. பைய எறக்கச் சொல்லுங்க."

லாரிக்காரன் கத்தியை மடக்கிக்கொண்டு இறங்கினான். "நீரெல்லாம் ஒரு மனுசனா வே" என்று அம்மையப்பனிடம்தான் சொன்னான்.

சுமைக்காரர்கள் தார்ப்பாயை விரித்து, மேலே வாழைச்சருகு பரப்பி, தார்களைப் பச்சைப்பிள்ளையைப் போல ஒவ்வொன்றாகக் கிடத்தினார்கள். குமரகுருபரன் பக்கத்தில் நின்று, "காம்பப் புடிலே, காயப் புடிக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முக்கால் மணிநேரம் ஆயிற்று. கடைசித் தார் இறங்கும்போது ஆம்புலன்ஸ் வந்தது. தார்கள் வேறு வண்டியில் வள்ளியூர் போய்ச் சேர்ந்தன. ஒரு காய்கூட நசுங்கவில்லை என்று குமரகுருபரன் பிறகு எல்லோரிடமும் பாராட்டிச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் பாரத்தை இறக்கியிருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை வடிவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அன்றே போலீசுக்கு மனு எழுதினாள். மூன்றாம் நாள் குமரகுருபரன் சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"மனு குடுக்கப் போறியாமே தாயி. குடு, வேண்டாங்கல. ஆனா மொதல்ல உன் மாப்பிள்ளைட்ட கேளு. அவர்ட்ட கேட்டுட்டுத்தான் நான் தாரப் பைய எறக்கச் சொன்னேன்."

வடிவம்மாள் கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். "அப்படியா சொன்னீங்க?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் அதை வைத்துக்கொண்டு ஸ்டேஷன்வரை போயிருப்பாள். ஆனால் அண்ணாச்சி எதிரே நிற்கிறாரே.

"ஆமா" என்றான் அம்மையப்பன்.

அவள் எழுதி வைத்திருந்த மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். ஸ்டூலை இழுத்து குமரகுருபரன் பக்கம் போட்டாள்.

"வண்டிய ஓட்ட ஒரு ஆளு பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்றாள். "நாங்க சாப்பிடணும்லா."