புது மெத்தையில் உட்காராத ஹோசியத்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தகவல் வந்தது. முகர்ரம் தந்தூர் அடுப்பில் முதல் ரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஃபோனில் நாத்தனார் ஹோசியத்தின் மகன் ஷெர்ஸோத்.

"அத்தை, அம்மா போயிட்டாங்க. ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ரத்தம் நிக்கவே இல்ல."

ஹோசியத்துக்கு நாற்பத்தாறு வயது. உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் நகரில், பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன் அங்கேயே தங்கிவிட்டான். மகனை ஒற்றை ஆளாக வளர்த்தாள்.

இரண்டு வருடமாகவே மாதவிடாய் வாரக்கணக்கில் நீண்டது; கட்டி கட்டியாகப் போனது. நிற்கப்போகிற வயதில் அப்படித்தான் என்றார்கள் தெருப் பெண்கள். முகர்ரம்தான் அவளை ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். கர்ப்பப்பையில் கட்டி, புற்று இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதுவரை உதிரப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை. அதை டீயோடு மட்டும் போடாதே, உடம்பில் ஒட்டாது என்று இரண்டு தரம் சொன்னார்.

"பச்சத் தண்ணி குடிச்சா வயித்துல குளிர் ஏறிடும் அண்ணி," என்று டீயோடுதான் விழுங்கினாள் ஹோசியத்.

போன வாரம் ஷெர்ஸோத்தின் கல்யாணத்துக்கு மெத்தை தைக்கப் பெண்கள் கூடினார்கள். வெள்ளைத் துணியைச் சுற்றி எல்லோரும் உட்கார, ஹோசியத் மட்டும் உட்காரவில்லை.

"பாருங்கடி, மருமக வர்றதுக்கு முன்னாடியே நின்னு அதிகாரம் பண்றா!" என்றாள் பக்கத்து வீட்டு ஸெபோ.

"உன் தையல் கோணலா போறது மேல இருந்து பாத்தாதானே தெரியும்?" என்றாள் ஹோசியத்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹோசியத் சமையலறைக்குப் போக, முகர்ரமும் பின்னாலேயே போனாள். ஹோசியத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"புது மெத்தை அண்ணி. கறை பட்டா சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாங்க?"

"மெத்தையாடி இப்போ முக்கியம்? நாளைக்கே ஆபரேஷனுக்குக் கிளம்பு."

"நான் படுத்துட்டா வர்றவங்களுக்கு யாரு டீ ஊத்துறது? கல்யாணம் முடியட்டும்."

முகர்ரம் விடவில்லை. கடைசியில் ஹோசியத்தே அலுத்துப்போய், "சரி, திங்கக்கிழமை வர்றேன். மிச்சம் ஒரு மெத்தைதான், அதுக்குள்ள முடிச்சிடுறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தகவல் கேட்டு முகர்ரம் போனபோது வீடு நிறைய ஆட்கள். அழுது ஓய்ந்த ஸெபோ அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

உள்ளறை மேசையில் அந்த மெத்தை விரித்துக் கிடந்தது. நின்றபடியேதான் தைத்திருக்கிறாள். மூன்று பக்கம் முடிந்திருந்தது. நான்காவது பக்கம் பாதியோடு நிற்கிறது.