பென்சில் கிளி

திருப்புலிவனம் கோபாலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இருபது வருஷம் மைக் செட் போட்டுப் பிழைத்தவர். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்துச் சாவுப் பாட்டை ஓடவிட்டு, பெண் வீட்டாரிடம் அறை வாங்கினார். அதற்குப் பிறகுதான் அவர் மனைவி செவ்வந்தி ஒவ்வொரு இசைத்தட்டையும் போடச் சொல்லிக் கேட்டு, அதன் காகித உறையில் பென்சிலால் ஒரு படம் வரைந்து வைத்தாள். தாலி கட்டும் பாட்டுக்குக் கிளி. வளைகாப்புக்குத் தொட்டில். சாவு வீட்டுக்குக் காக்கா. அப்புறம் அவர் தப்பே செய்யவில்லை.

தொண்ணூற்றெட்டில் செவ்வந்திக்கு வயிற்றில் கட்டி. மிஷின், குழாய் ஸ்பீக்கர், தட்டுகள் எல்லாவற்றையும் மொத்தமாக விற்று வைத்தியம் பார்த்தார். அவளும் போய்விட்டாள். போட்டோ என்று ஒன்றுகூட எடுத்ததில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். கேட்கிற பழக்கம்தான் எனக்குக் கிடையாதே.

நான் சௌமியா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். 2006ஆம் வருஷம். ஆள் வராத மத்தியானங்களில் ஏல சைட்டுகளை மேய்வேன். பழைய சினிமா போஸ்டர், தீப்பெட்டி லேபிள், பாட்டுப் புத்தகம் என்று எதையும் அடித்துப் பிடித்து வாங்க உலகத்தில் ஆள் இருக்கிறது. ஒருநாள் ஏலத்துக்கு வந்த ஓர் இசைத்தட்டின் நடுவில் வெள்ளைப் பெயிண்டில் 'கோபால் சவுண்ட் சர்வீஸ், திருப்புலிவனம்' என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்துக் கடைக்கு டீ குடிக்க வந்த கோபாலை வேடிக்கை காட்டக் கூப்பிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. திரையில் தட்டுக்குப் பக்கத்தில் தெரிந்த உறையை விரலால் தொட்டார்.

"கண்ணாடில கை வெக்காதீங்க பெரியப்பா, அழுக்காவும்."

"எம்மா, இது எனக்கு வோணும்."

"இன்னாத்துக்கு? இப்ப இத எவன் கேக்கறான்?"

"வோணும்மா. வாங்கிக் குடு."

விற்றவர் பெங்களூர்க்காரர். ஏலம் ஏழு நாள். அப்போது கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்; தினமும் வேலை முடித்து அப்படியே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். வேறு எவனாவது விலையை ஏற்றினால், "வுட்டுடாதம்மா" என்பார். கடைசியில் எங்களுக்கே விழுந்தது. வீட்டிலிருந்த ஒரே ஆட்டை அதற்காக விற்றார்.

மறுநாள் பெங்களூர்க்காரரிடமிருந்து மெயில். உறை கிழிந்து, பென்சில் கிறுக்கலோடு அசிங்கமாக இருக்கிறது, தட்டைக் கழுவிப் புது பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பட்டுமா, அதற்குக் காசு வேண்டாம் என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷர். நானும் நல்லவள்தானே? இதைப் போய் கோபாலிடம் என்ன கேட்பது என்று, 'தாராளமாக' என்று பதில் தட்டிவிட்டேன்.

பார்சல் என் கடைக்கே வந்தது. கோபால் கை கால் கழுவிக்கொண்டு வந்து பிரித்தார். தட்டு பளபளவென்றிருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். சுற்றியிருந்த நியூஸ் பேப்பரை ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார்.

"கவர் எங்கம்மா?"

"அழுக்கா கீதுன்னு நான்தான் மாத்தச் சொன்னேன் பெரியப்பா. புச்சு போட்டுக்கீறாங்க பாருங்க."

"அதுல கிளி இருந்துச்சும்மா. எங்க வூட்டுக்காரி போட்டது."

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உடனே பெங்களூருக்குப் போன் போட்டேன். உறையைக் குப்பையில் போட்டு நாலு நாளாயிற்று என்றார்கள்.

கோபால் எழுந்து நடந்தார். தட்டு மேசைமேலேயே இருந்தது.

"பெரியப்பா, ரெக்கார்டு?"

"நீயே வெச்சிக்கோம்மா. அத்தப் போட எங்கிட்ட மிஷின் ஏது?"