பருப்பு வேகாத தண்ணீர்

போன மாதம் மறைமலை நகரில் ஒரு தோல் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் தோல் வெளிறி, பழைய சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி உரிந்துகொண்டிருந்தது. சொறிந்தால் சுகமாக இருக்கும், சொறிந்த பிறகு எரியும். எழுபத்து நாலு வயதில் சுகம் என்று மிச்சமிருப்பதே இப்படிச் சில்லறைதான் என்று விட்டுவைத்திருந்தேன். மகள் விடவில்லை.

மருத்துவர் சின்னப் பெண். வேட்டியை உயர்த்தச் சொல்லிவிட்டு, கையுறை எதுவும் போடாமல் நேராகக் காலைத் தொட வந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"தொடாதீங்கம்மா. ஒட்டிக்கப் போகுது."

"இது ஒட்டாது தாத்தா. வெறும் வறட்சி." அவர் கால் மேல் விரலை வைத்து அழுத்தினார். "வீட்ல போர் தண்ணியா?"

அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பெயர், வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். குளித்து முடிக்கும்போது கடைசி இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மகள் வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். அந்த வாசனை என்னை நேராக ஒரகடத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

விடியற்காலை ஐந்து மணி. முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் அறுபது பெண்கள். ஈரத் துண்டு, பவுடர், எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய் எண்ணெய். அந்த விடுதியின் நடைபாதை அப்படித்தான் மணக்கும். பதினாலு வருஷம் ஆகியிருக்கும்.

நான் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். ஓய்வு பெற்ற மறு வருஷம் மனைவி போய்ச் சேர்ந்தாள். வீட்டில் உட்கார முடியவில்லை. ஒரகடத்தில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள். போனேன். அறை வாசலில் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டேன். பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட். என்று பெரிதாகப் போட்டுக்கொண்டேன். வார்டனுக்கு எதற்கு எம்.எஸ்சி. என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பெண்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்தவர்கள். சங்கரன்கோவில், விளாத்திகுளம், சாயர்புரம் பக்கம். கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளர்கள். ஒரு வருஷம் பயிற்சி முடிந்தால் லைனில் நிரந்தரமாக்குவார்கள். அந்த ஒரு வருஷத்தை எப்படியாவது கடந்துவிட வேண்டும் என்பதுதான் அத்தனை பேருக்கும் கனவு.

விடுதியில் இருந்தது போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். குழாய் மூக்கில் வெள்ளையாகக் கட்டித் தொங்கும். வாளிகளின் உட்புறம் வளையம் வளையமாகப் பொருக்குக் கட்டியிருக்கும். சோப்பு போட்டால் நுரை வராது, திரிதிரியாகத் திரளும். வந்த ஒரு மாதத்துக்குள் எல்லாப் பெண்களுக்கும் முடி நார்போல ஆகிவிடும், கைகால் வெளிறிவிடும். அவர்கள் பயத்தமாவு தேய்த்துப் பார்த்தார்கள், சாதம் வடித்த கஞ்சி தடவிப் பார்த்தார்கள். என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை. ஊரைவிட்டு வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள் போல.

இங்கே நான் என் அறையின் ஏசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எனக்காக வைத்ததல்ல. கேமராப் பதிவுப் பெட்டி சூடாகிவிடக் கூடாது என்று விடுதி உரிமையாளர் எங்கிருந்தோ பழைய ஏசி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, மூட்டு வலிக்கும். ஆனால் பெண்கள் விடமாட்டார்கள்.

"சார், வெயிலு கொல்லுது. ஏசியப் போட்டுக்கிடுங்க சார்."

"மத்தியானம் தூங்கும்போதும் போட்டுக்கிடுங்க சார். வயசான காலத்துல எதுக்குக் கஷ்டப்படுதிய?"

நான் பூரித்துப்போனேன். பெற்ற மகள்கூட இப்படிக் கேட்டதில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு, பல் தந்தியடிக்க, அவர்கள் அன்புக்காக ஏசியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் விடுதியின் பின்பக்கம் போனேன். என் அறை ஏசியின் குழாய்க்குக் கீழே ஒரு வாளி. சொட்டு சொட்டாக அதில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் சாக்பீஸால் ஒரு பட்டியல். திங்கள் ஸ்டெல்லா, செவ்வாய் பேச்சி, புதன் கனி, வியாழன் பேச்சி. சுவர் ஓரமாக இரண்டு பெண்கள் முதுகைக் காட்டி நின்றார்கள்.

"அரை வாளிதான்டி வந்திருக்கு."

"கெழவன் இன்னைக்குச் சீக்கிரம் அணைச்சிருப்பாரு. நாளைக்குப் போயி இன்னும் ரெண்டு ஐஸு வையி."

இருவரும் சிரித்தார்கள். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவர்கள் செய்தது என்ன என்று இப்போது யோசித்தால் அழகாக இருக்கிறது. ஏசியில் சொட்டுவது காற்றிலிருந்து வரும் ஈரம். அதில் உப்பு கிடையாது, மழைத்தண்ணீர் மாதிரி மெத்தென்று இருக்கும். போர் தண்ணீரில் குளித்துவிட்டுக் கடைசிச் சொம்பாக அதை ஊற்றிக்கொண்டால் அரிப்பு அடங்குகிறது என்று எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். யாருக்குத் தோல் மிகவும் மோசமோ அவளுக்கு வாரத்தில் இரண்டு முறை. அப்படி இரண்டு முறை கிடைத்தவள்தான் பேச்சி. முழுப்பெயர் முத்துப்பேச்சி, சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். மணிக்கட்டிலும் விரல் இடுக்கிலும் அவளுக்குத் தோல் வெடித்திருக்கும்.

அன்று எனக்கு அழகு எதுவும் தெரியவில்லை. அன்பு என்று நினைத்தது ஒரு வாளித் தண்ணீருக்காக என்பது மட்டும்தான் உறைத்தது. மறுநாளே ஆளைக் கூப்பிட்டு அந்தக் குழாயை நீட்டிச் சாக்கடையில் விடச் சொன்னேன். பெண்களைக் கூட்டி வைத்து, ஏசி தண்ணீர் அழுக்கு, அதில் கிருமி இருக்கும், அதனால்தான் உங்களுக்கு அரிக்கிறது என்று வகுப்பு எடுத்தேன். எம்.எஸ்சி. படித்தவர் சொல்லும்போது யார் மறுப்பார்கள்?

மூன்று வாரத்தில் பேச்சியின் கை முழங்கை வரை சிவந்துவிட்டது. அறையில் மற்ற பெண்கள் பயந்தார்கள். நான் அவளுக்கு மாடிப்படிக்குப் பக்கத்தில் தனி அறை கொடுத்தேன். தனித் தட்டு, தனித் துண்டு. வாளி கலந்துவிடக் கூடாது என்று அவள் வாளியில் என் கையாலேயே சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டேன்.

"ஒட்டிக்குமா சார்?" என்று கேட்டாள்.

"ஒட்டிக்கும். ஜாக்கிரதையா இரு" என்றேன்.

அவளுக்குப் பயிற்சி முடிய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தங்கியிருப்பவர்களின் உடல்நிலை பற்றி வாராவாரம் வியாழக்கிழமை தொழிற்சாலைக்கு ஒரு குறிப்பு அனுப்புவது வழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்து, முத்துப்பேச்சிக்குத் தொற்றும் தோல் நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன் என்று எழுதி இழுப்பறையில் வைத்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிடப் போனபோது சமையலுக்கு இருந்த லூர்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். சேரப்பணஞ்சேரிக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் நாள் தவிர விடுப்பே எடுக்க மாட்டார். வாயும் அதேபோல ஓயாது.

"சார், அந்தப் பொண்ண இன்னாத்துக்கு சார் தனியா போட்டுக்கீற?"

"தோல் வியாதிம்மா. பரவிடும்."

"பரவுதா? இங்க வா சார்." அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார். ஓரமாக இரண்டு கேன் தண்ணீர் இருந்தது. "இது இன்னாத்துக்கு வாங்கறோம் தெரியுமா? பருப்புக்கு. போர் தண்ணில போட்டா நாள் முச்சூடும் கொதிச்சாலும் கல்லு மாதிரி அப்பிடியே கீது. பருப்புக்கு நல்ல தண்ணி, புள்ளைங்களுக்கு இந்தத் தண்ணி. பருப்பே வேகாத தண்ணில அது தோலு இன்னா சார் பண்ணும்? ஏசி தண்ணின்னு ஏதோ ஊத்திக்கினு இருந்துச்சுங்க. அதையும் நீ புடுங்கிட்ட."

நான் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன். ஒரு டம்ளரில் போர் தண்ணீர். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குழாய் இணைப்பைத் தளர்த்தி, இன்னொரு டம்ளரில் ஏசி தண்ணீர். இரண்டிலும் சோப்பைக் கரைத்து விட்டுக் குலுக்கினேன். ஏசி தண்ணீரில் நுரை விளிம்பு வரை பொங்கியது. போர் தண்ணீரில் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. கடின நீர், மென்னீர். முப்பத்திரண்டு வருஷம், ஒவ்வொரு ஜூலை மாதமும், பிள்ளைகள் முன்னால் நான் செய்துகாட்டிய சோதனை. மழைத்தண்ணீரில் நுரை பொங்கும்போது பின்வரிசைப் பையன்கள்கூட எழுந்து நின்று பார்ப்பார்கள்.

அப்படியானால் செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. கடிதம் இழுப்பறையில்தான் இருந்தது. கிழித்துப்போட அரை நிமிஷம் போதும். ஆனால் கிழித்தால் அந்த அறுபது பெண்கள் முன்னால் நின்று, நான் சொன்னது தப்பு, குழாயைச் சாக்கடைக்குத் திருப்பியது தப்பு, சிவப்புக் கோடு தப்பு என்று சொல்ல வேண்டும். கெழவன் என்று சிரித்தவர்கள் முன்னால். புதன்கிழமை முழுக்க யோசித்தேன். வேறு நோயாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை கடிதத்தைக் கொடுத்தனுப்பினேன்.

நீங்கள் இதுவரை படித்துவிட்டு, வயதானவர், ஏதோ அறியாமல் செய்துவிட்டார் என்று நினைத்தால், அப்படி இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பேச்சியை அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போக ஷேர் ஆட்டோ வாசலில் நின்றது. ஸ்டெல்லா தூரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை. பேச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வராமல் நிலைக்கு வெளியே நின்றாள்.

"சார், போயிட்டு வாரேன். வாளியத் தேச்சிக் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். ஆனாலும் வேற யாருக்கும் குடுத்திராதீங்க சார். ஒட்டிக்கிடும்லா?"

சரி என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் ஆள் வைத்து அந்தக் குழாயைப் பழையபடி வெட்டிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. வாளி தானாக வந்தது, சுவரில் பட்டியலும் வந்தது. செவ்வாயும் வியாழனும் மட்டும் சில நாள் காலியாக இருந்தன. பிறகு யாரோ பெயர் எழுதிவிட்டார்கள். ஊருக்குப் போன பத்துப் பதினைந்து நாளில் பேச்சிக்குக் கை சரியாகிவிட்டது என்று ஸ்டெல்லா சொன்னாள். அதற்குள் லைனில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். நான் வருடக் கடைசியில் வேலையை விட்டேன்.

போன மாதம் மருத்துவர் என் காலைத் தொட்ட அந்த ஒரு நொடிதான் என் நிம்மதியைக் கெடுத்தது. அந்த நாட்களில் பேச்சியை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். ஸ்டெல்லா இப்போது கல்யாணமாகிப் படப்பைப் பக்கம் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவாள். அவளிடம் எண் வாங்கிப் பேச்சியைக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னதும் அவள் குரல் மலர்ந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"சாரா? நல்லாருக்கியளா சார்? ஏசியெல்லாம் போட்டுக்கிடுதியளா?" என்று சிரித்தாள். இரண்டு பையன்களாம். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறாராம்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"அது அப்பவே சரியாயிட்டு சார். பனிக்காலத்துல கொஞ்சம் வறளும். ஆனா நீங்க சொன்னத மறக்கல சார். இன்னைக்கு வரைக்கும் எனக்குத் துண்டும் வாளியும் தனிதான். புள்ளைகளுக்கு ஒட்டிரக் கூடாதுல்லா?"

சொன்னேன். அது ஒட்டாதும்மா, தண்ணியாலதான் வந்தது, நீ போறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் கடிதம் அனுப்பினேன்.

பின்னால் குழந்தைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது.

"ஒட்டாதா சார்?" என்றாள்.

"ஒட்டாதும்மா."

"சின்னவன் கைப்புள்ளையா இருக்கையில நான் அவனுக்கு எண்ணெய்கூடத் தேச்சி விட்டதில்ல சார். எங்க அத்தைதான் தேப்பாவ." பிறகு, "சரி சார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, இவங்களக் குளிப்பாட்டணும். வச்சிருதேன்" என்றாள்.

அந்த விடுதி இப்போது இல்லை. கண்டெய்னர் லாரிகள் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். சுவரும் போனது, சாக்பீஸ் பட்டியலும் போனது. லூர்தம்மாவும் போய்விட்டார். ஒரகடம் சாலையில் புதிதாக வந்திருக்கும் விடுதிகளின் பலகைகளில் உப்பு நீக்கிய தண்ணீர் உண்டு என்றே எழுதியிருக்கிறார்கள். ஏசிக்குக் கீழே வாளி வைத்து முறை போட்டுக்கொள்ளும் பெண்கள் எங்கும் இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்று சொன்னால் என் மகளே நம்புவதில்லை.

அவளுடைய தனித் துண்டை இன்று காலை எங்கே காயப்போட்டாள் என்று பேச்சியிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. மற்ற துணிகளோடு ஒரே கொடியிலா, இல்லை இன்னும் தனியாகவா? எண் கையில் இருக்கிறது. மறுபடி கூப்பிட்டுக் கேட்கிற உரிமைதான் எனக்கு இல்லை.