அத்தானின் போனஸ் விரதம்

என் அக்கா நகுலேஸ்வரியின் புருஷன் சச்சிதானந்தனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அக்கா குடும்பம் இருக்கும் ஃபாரஸ்ட் கேட்டில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை, குடி இல்லை, கோயிலில் அன்னதானம் என்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் நிற்பார். அக்காவின் தாலிக்கொடி எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரியாது.

அத்தான் ஃபோனில் காசு கட்டிக் கசினோ விளையாடுவார். விளையாட்டு என்று சொன்னால் கோபம் வரும். ஆராய்ச்சியாம். அந்த ஆப்பைத் தினமும் திறந்தால் இலவசமாகச் சில சுற்றுகள் போனஸாகத் தருவார்கள். எந்த நாளில் எத்தனை வரும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று நம்பி, தமிழ்க் கடை தந்த பஞ்சாங்கக் கலண்டரில் குறித்து வந்தார். ராகு காலத்தில் திறக்கமாட்டார். அட்டமி, நவமியில் குறைவாம், வளர்பிறையில் கூடவாம். எனக்கே பாடம் எடுத்தார், விசர் மனுசன்.

போன வருடம் அக்கா அழுது கேட்டதற்காகக் கந்தசஷ்டி விரதம் பிடித்தார். ஆறு நாளும் ஃபோனைத் தொடவில்லை. ஏழாம் நாள் பாறணைச் சாப்பாட்டோடு விரதத்தை முடித்துத் திறந்தால், "உங்களைக் காணாமல் தவித்தோம்" என்ற செய்தியோடு ஐம்பது சுற்று!

"பாத்தியே, முருகன் தாறான்!" என்றார்.

"நீங்கள் போகாமல் விட்டதாலதான் அத்தான் தாறாங்கள். திரும்ப இழுக்கிறாங்கள். முருகனுக்கு என்ன கசினோவிலயே வேலை?"

"உனக்குக் கணக்கும் தெரியாது, கடவுளும் தெரியாது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஆடு அந்த ஓநாய்க்குத் தேங்காய் உடைத்தது. ஐம்பது சுற்றும் அன்றே முடிந்தன, அவற்றின் பின்னால் அந்த மாதச் சம்பளமும் போனது.

இந்த வருடம் அக்காவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. கிங்ஸ்பரியில் என் வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்லி உடுப்பெல்லாம் அடுக்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கந்தசஷ்டி வந்தது. யாரும் சொல்லாமலே அத்தான் தலைக்குத் தோய்ந்து, திருநீறு பூசி, ஃபோனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"தம்பி, மனுசன் திருந்திட்டார். நான் வரேல்லை," என்று அக்கா ஃபோனில் சொன்னாள். அவர் எதற்காகப் பட்டினி கிடக்கிறார் என்பதைச் சொன்னேன். அவள் கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆனாலும் பாறணைக்கு என்னைக் கூப்பிட்டாள். விடிய முதலே எழும்பிச் சமைத்திருந்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். அத்தானுக்கு முதலில் போட்டாள். அவர் சோற்றைத் தொடவில்லை. ஃபோனை எடுத்தார்.

"நூறு! நகுலா, நூறு சுற்று! இந்த முறை சரியாப் பிடிச்சிட்டன்!"

அக்கா கையில் அகப்பையோடு நின்றாள்.

"இதுக்கோ விரதம் பிடிச்சனீங்கள்?"

"ஓம், பின்னை? விரதம் இருந்தாத்தானே கூடத் தாறான்."

"நானும் ஆறு நாள் வெறும் தண்ணியோட இருந்தனான். நீங்கள் இதை விடவேணும் எண்டு."

அவர் நிமிரவில்லை. "கொஞ்சம் பொறு, இது முடியட்டும்," என்றார்.

அக்கா அவருடைய தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "சாப்பிட்டிட்டுக் காரை எடு தம்பி."

"நீங்கள் சாப்பிடேல்லையோ அக்கா?"

"என்ர பாறணையைக் கிங்ஸ்பரியில வந்து முடிக்கிறன்."